மாப்பிள்ளை எஞ்சின்

காரைக்குடியில் நான் ஆயில் எஞ்சின் கடை வைத்தது அறுபதுகளின் நடுவில். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் ஏஜென்சி முருகன் அருளால் கிடைத்திருந்தது. நான் படித்தது எட்டாம் வகுப்பு. கம்பெனியின் பெயரைப் பார்த்து எழுத வரும், வாயால் சொல்ல வராது. அதன் பின்பாதி எங்கள் ஊர் நாக்கில் புரண்டு 'மாப்ளை' ஆகிவிடும். முதல் எஞ்சினை வாங்கிய அமராவதிபுதூர் விவசாயி அப்படிச் சொல்லிச் சிரித்தார், நானும் சிரித்தேன். அன்றிலிருந்து சுற்றுப்பட்டெல்லாம் அது மாப்பிள்ளை எஞ்சின்தான்.

கைப்பிடியை எத்தனை சுற்றியும் கிளம்பவில்லை என்றால், "மாப்ளை முறுக்கிக்கிட்டாக, வேட்டி எடுத்து வச்சீகளா?" என்பார்கள். புகை கக்கினால், "மாமனார் வீட்டுலயே சுருட்டுப் பிடிக்கிறாக, கண்டுக்கிராதீக" என்பார்கள்.

நாலு வருஷம் போயிருக்கும். ஒரு திங்கட்கிழமை மெட்ராசிலிருந்து கம்பெனி அதிகாரி வந்து இறங்கினார். கம்பெனிப் பெயரை நான் கேலிப்பொருள் ஆக்குவதாக யாரோ கடிதம் போட்டிருந்தார்கள். உண்மையென்றால் ஏஜென்சியை எடுத்துவிடுவோம் என்றார். அந்தக் கடையை நம்பித்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது. ஆனாலும் பொய் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. கடையிலிருந்த குன்றக்குடி முருகன் படத்தைக் கும்பிட்டுக்கொண்டேன். "உண்மைதான் சார். ஆனா அதுல அவமரியாதை இல்ல. வாங்க, கண்ணால பாருங்க" என்று வாடகைக் காரில் அமராவதிபுதூருக்கே அழைத்துப் போனேன்.

முதல் எஞ்சின் வாங்கிய அந்த விவசாயி மலேயாவில், ஈப்போ நகரத்தில் பல காலம் இருந்துவிட்டுத் திரும்பியவர். விஷயத்தைச் சொன்னதும் அவர் பதறவில்லை.

"ஈப்போவுல இதே கம்பெனிக்குக் கான்டன் சீனவுக ஒரு பேரு வச்சிருந்தாக ஐயா. அவுக பேச்சுல அது 'பசிக்காரன்'கிற மாதிரி வருமாம். எங்க சீன முதலாளி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. சிரிச்சுக்கிட்டே ரெண்டு எஞ்சின் வாங்கினாரு. நாங்க மாப்ளைன்னு மரியாதையாத்தானே சொல்றோம்?"

அதிகாரிக்கு உதடு லேசாக விரிந்தது. ஆனால் எஞ்சின் கொட்டகைக்குள் போனதும் முகம் மாறிவிட்டது. கம்பெனிப் பெயர் பொறித்த தகட்டில் ஓர் எழுத்துக்கூடத் தெரியவில்லை. அத்தனை கனமாகச் சந்தனம், நடுவில் குங்குமம். நகத்தால் சுரண்டப் போனார்.

"சுரண்டாதீக ஐயா" என்றார் விவசாயியின் மனைவி. "முந்தாநாள்தான் எண்ணெய் பார்த்துப் பொட்டு வச்சது."

"என்ன எண்ணெய்?"

"சனிக்கிழமை ஆம்பளையாளுக எண்ணெய் தேச்சுக் குளிப்பாகள்ல? அன்னைக்கே மாப்ளைக்கும். எம்புட்டு இருக்குன்னு பார்த்து, குறைஞ்சா ஊத்தி, உடம்பெல்லாம் தொடச்சுட்டுத்தான் சந்தனம். வீட்டுக்கு வந்த மாப்ளையைக் காயப்போடலாமா?"

அதிகாரி அளவுக் குச்சியை உருவிப் பார்த்தார். எண்ணெய் கோட்டில் சரியாக நின்றது. கைப்பிடியைத் தானே பிடித்துச் சுற்றினார். ஒரே சுற்றில் எஞ்சின் கிளம்ப, வாய்க்காலில் தண்ணீர் பாய்ந்தது. இதுவரை ரிப்பேர் ஏதும் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"மற்ற ஊர்களில் எண்ணெய் வற்றியே பாதி எஞ்சின் கெடுகிறது. புத்தகம் அச்சடித்துக் கொடுத்தாலும் யாரும் பார்ப்பதில்லை" என்றார். கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். கடைப் பலகையில் மட்டும் கம்பெனிப் பெயரைப் பெரிதாக எழுதச் சொன்னார். எழுதினேன்.

அடுத்த வருஷம் வந்த எஞ்சின்களோடு ஒரு தமிழ்த் தாள் இருந்தது. 'சனிக்கிழமைதோறும் எண்ணெய் பார்க்கவும்' என்று முதல் வரி. அதைக் குன்றக்குடி மலையேறி முருகன் சன்னதியில் வைத்துக் கும்பிட்டுவிட்டு, நேரே அமராவதிபுதூருக்குக் கொண்டுபோய் அந்த அம்மாளிடம் படித்துக் காட்டினேன்.

"நாள் கிழமை தெரிஞ்ச கம்பெனிதான்" என்றார் அவர்.