விதியும் குழைந்த சோறும்

இன்று பண்ருட்டி பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் ஒரு போர் நாவல் படித்துக்கொண்டு வந்தாள். "சாகப்போறோம்னு தெரிஞ்சும் இந்தச் சிப்பாய் விதின்னு ஏத்துக்கிறான் பாருங்க. என்ன பக்குவம்!" என்றாள்.

எனக்கு எழுபத்தோராம் வருஷத்துப் போர் ஞாபகம் வந்தது.

அண்ணன் எல்லையில் இருந்தான். நெய்வேலியில், அப்பாவின் குவார்ட்டர்ஸில், நானும் அண்ணியும் செய்தி தெரியாமல் தவித்தோம். அப்போது நானும் அப்படி ஒரு நாவல்தான் படித்துக்கொண்டிருந்தேன். ஆறுதலாக இருக்குமே என்று அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன்.

"அவன் ஏத்துக்கிட்டான், சரி. அவன் பொண்டாட்டிய ஒரு வார்த்தை கேட்டானா?" என்றார் அண்ணி. நான் புத்தகத்தை மூடிவிட்டேன்.

போர் முடிந்தபின் ஒரு மதியம் அண்ணன் டிரங்குப் பெட்டியோடு வாசலில் வந்து நின்றான். அண்ணி அழுதுகொண்டே சோறு போட்டார்.

"அங்க விதின்னு மனச தேத்திக்கினியாண்ணா?" என்று கேட்டேன்.

"வேற வழி? ஆனா இவ கையால ஒரு வாய் சோறு தின்னுட்டுத்தான் சாவேன்னு தெனமும் சாமிகிட்ட பேரம் பேசிக்கினு இருந்தேன்."

அண்ணி இன்னொரு கரண்டி வைத்தார். "அந்தப் பேரத்த விட்டுடாதீங்க. தெனமும் பேசுங்க."

அண்ணனுக்கு இப்போது எண்பது. சோறு குழைந்துவிட்டதென்று இன்று காலையும் அண்ணியோடு சண்டை. விதியை ஏற்றுக்கொண்ட சிப்பாய்க்குக் குழைந்த சோற்றை ஏற்க முடியவில்லை. உங்கள் வீட்டில் எப்படி?