நான்கு சோடி காலுறை

“அப்பா, ஒரு சோடி மேசு காணும், அதுவே போதும். சப்பாத்து இறுகினா ரத்தம் ஓடாது” என்றாள் மகள்.

“இருவத்தஞ்சு வருசமா ஒஸ்லோக் குளிரிலை இருக்கிறன், எனக்குச் சொல்லித் தாறியோ?” என்று கேட்டுவிட்டு, நான்கு சோடி கம்பளிக் காலுறைகளைத் திணித்துக்கொண்டு வாழ்க்கையில் முதல் முறையாகப் பனியில் சறுக்கப் போனேன்.

அரை மணி நேரத்தில் கால்விரல்கள் மரத்துவிட்டன. மகள் எங்கோ முன்னால் போய்விட்டாள். பாதையோரம் உட்கார்ந்து முனகிக்கொண்டிருந்த என்னைக் கண்டு, சறுக்கி வந்த நரைத்த தாடிக்காரர் ஒருவர் நின்றார். காலைக் காட்டினேன். அந்த நோர்வேக்காரர் என் சப்பாத்துகளைக் கழற்றி, காலுறைகளை ஒவ்வொன்றாக எண்ணி உரித்தார். பிறகு தன் மேலாடையைத் தூக்கி, என் பாதங்கள் இரண்டையும் தன் வெறும் வயிற்றில் வைத்து அழுத்திக்கொண்டார்.

எனக்கு உயிரே போய்விட்டது. தெரியாமல் ஒருவர் மேல் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றுகிறவர்கள் நாங்கள். பதறிப்போய் அவருடைய வயிற்றைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டேன்.

அவர் ஒரு கணம் யோசித்தார். இதுதான் எங்கள் முறை என்று நினைத்தாரோ என்னவோ, மிகுந்த மரியாதையுடன் என் பாதத்தைத் தொட்டுத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

இப்போது ஒரு சோடிதான் போடுகிறேன். தன் சொல்லைக் கேட்டுவிட்டேன் என்று மகளுக்குப் பெருமை. அந்த வயிற்றைப் பற்றி அவளிடம் இன்னும் வாய் திறக்கவில்லை. அவ்வளவு மரியாதையை என் கால் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.