ஹெல்மெட் போட்ட சின்னத் தலை

போன வருஷம் மழைக்காலம் முடியும் சமயத்தில், சேலத்தில் ஒரு மருத்துவமனையில் நடந்தது இது. இன்றைக்கும் யாரிடமாவது சொன்னால் முதலில் நம்ப மாட்டார்கள்.

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வரைபடம் போடுவது என் வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் எனக்கு இன்னொரு கிறுக்கு உண்டு. பிளாஸ்டிக் சிப்பாய் பொம்மைகள். கை, கால், உடம்பு, தலை எல்லாம் தனித்தனியாகப் பெட்டியில் வரும். அவற்றை வெட்டி, ஒட்டி, வண்ணம் பூசி, இடிந்த சுவரும் சேறும் புதருமாக ஒரு போர்க்களத்தையே பலகை மேல் அமைப்பேன். டயோராமா என்பார்கள். முழுதாக நின்றால்கூட ஒரு சிப்பாய் என் ஆள்காட்டி விரல் உயரம் வரமாட்டான்.

அந்த வருஷம் எனக்கு இருமல் பிடித்துக்கொண்டது. மருந்து சாப்பிட்டால் அடங்கும், விட்டால் திரும்பும். தூசி ஒவ்வாமை என்றார்கள். பிறகு காசநோயோ என்று சளி எடுத்துப் பார்த்தார்கள், இல்லை. ஒருநாள் இருமும்போது கைக்குட்டையில் ரத்தம். மனைவி பார்த்துவிட்டாள். மறுநாளே சேலத்துக்குப் பஸ் ஏறினோம்.

ஸ்கேன் படத்தைப் பார்த்த டாக்டரம்மா, புகை பிடிப்பேனா என்று கேட்டார். இல்லை என்றேன். படத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வலது பக்கம் மூச்சுக்குழாய்ல கட்டியாட்டம் தெரியுதுங்க. குழாய் விட்டுப் பார்த்து, சதை எடுத்து டெஸ்ட் பண்ணணும். இப்பவே பயப்படாதீங்க" என்றார். அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும்தான் எனக்குப் பயமே வந்தது.

குழாய் விடும் நாளில் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் ஜலகண்டாபுரத்துக்காரர் ஒருவர், மனைவியோடு. தறி ஓட்டுகிறவர். எனக்கு எடுக்கப்போகும் அதே பரிசோதனைதான் அவருக்கும், எனக்கு அடுத்து. என் முகத்தைப் பார்த்து அவருக்கு என்ன தோன்றியதோ, என் தொடையில் தட்டிக்கொடுத்தார்.

"ஏனுங்க, தெகிரியமா உள்ள போங்க. ரெண்டு பேத்துக்கும் ஒண்ணும் இருக்காதுங்க. வெளிய வந்து ஒண்ணா டீ குடிக்கலாம்."

உள்ளே போனேன். பாதி மயக்கத்தில் ஏதோ பேச்சுக் குரல்கள் மட்டும் கேட்டன. யாரோ, "ஐயோ, கண்ணு தெரியுது!" என்றது போல இருந்தது. கனவு என்று நினைத்தேன்.

தெளிந்தபோது என் மனைவியை உள்ளே கூப்பிட்டிருந்தார்கள். டாக்டரம்மா ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பியோடு நின்றிருந்தார். அவர் முகமே ஒரு மாதிரி இருந்தது. "கட்டின்னு நெனச்சுத்தான் போனோம். சதைக்கு நடுவுல இது மாட்டியிருந்துச்சுங்க. இது... தலைங்களா?"

டப்பிக்குள், பட்டாணி அளவில், சாம்பல் நிறத்தில் ஒரு தலை. மூக்கு இருந்தது, வாய் இருந்தது, ஹெல்மெட் இருந்தது. என் நெஞ்சுக்குள்ளிருந்து எடுத்த தலை! என் மனைவிதான் முதலில் கத்தினாள்.

"ஏனுங்க, இது உங்க பொம்மைத் தலையில்லீங்களா!"

அப்புறம்தான் ஞாபகம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு கையில் பசைத் தூரிகை, இன்னொரு கையில் இடுக்கியில் பிடித்த சிப்பாயின் உடம்பு. தலையை உதட்டில் கவ்விக்கொண்டிருந்தேன். தேய்த்த பிளாஸ்டிக் தூள் மூக்கில் ஏறித் தும்மல் வந்தது. தும்முவதற்கு முன்னால் மூச்சை உள்ளே இழுப்போமே, அதோடு போயிருக்கிறது. கண்ணில் தண்ணீர் வர இருமினேன். அடங்கியதும் மேஜைக்கடியில் டார்ச் அடித்துத் தேடிவிட்டு, எங்கோ உருண்டுவிட்டது என்று வேறு தலையை ஒட்டிவிட்டேன். அந்தச் சிப்பாய் வீட்டு அலமாரியில் நின்றுகொண்டிருந்தான். அவன் தலை என் நுரையீரலுக்குப் போகும் வழியை அடைத்துக்கொண்டிருந்தது.

மனைவி தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். அழுகையிலேயே சிரித்தாள். கட்டி என்று பார்த்தது அந்தப் பிளாஸ்டிக்கைச் சுற்றி வளர்ந்த புண் சதைதான், ஆறிவிடும் என்றார் டாக்டரம்மா.

டப்பியோடு வெளியே வந்தேன். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. பெஞ்சில் இருந்த தறிக்காரரைப் பார்த்ததும் சட்டென்று நின்றது. அவர் இன்னும் உள்ளே போகவில்லை. டப்பியைச் சட்டைப் பைக்குள் மறைக்கப் பார்த்தேன். அவர் விடவில்லை.

"என்னன்னு சொல்லுங்க. கெட்டதுங்களா?"

சொன்னேன். டப்பியை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வந்து, அது அடங்கியும் சிரித்தார். "நல்லவேளை, துப்பாக்கியோட போகாம உட்டானே!" அவர் மனைவியும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நர்ஸ் வந்து அவர் பெயரைக் கூப்பிட்டார். எழுந்தவர் என் கையைப் பிடித்து, "ஒருத்தராச்சும் தப்பிச்சோமே, சாமி. வாரேனுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அவருக்கு இருந்தது நிஜமான கட்டி. முடிவு வந்த பிறகு அவரே போன் பண்ணிச் சொன்னார். வைத்தியம் நடக்கிறது. நானும் மனைவியும் அவ்வப்போது ஜலகண்டாபுரம் போய்ப் பார்த்து வருகிறோம். நல்ல நாளும் இருக்கிறது, எழுந்திருக்க முடியாத நாளும் இருக்கிறது.

என் நெஞ்சிலிருந்து ஒரு தலை வந்த அதிர்ச்சி எப்போதோ குறைந்துவிட்டது. தன் முறைக்காகப் பயந்து காத்திருந்த ஒரு மனிதர், முன்பின் தெரியாத நான் தப்பித்ததற்கு அப்படி மனசு விட்டுச் சிரித்தாரே, அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.