அம்மன் பொட்டிக்குப் போட்ட பில்லு

எனக்கு எழுபத்தி மூணு வயசாகுது. அஞ்சு பேரை வளர்த்து ஆளாக்கிட்டேன். நாலு நான் பெத்தது. ஒண்ணு என் கொழுந்தனார் விட்டுட்டுப் போன புள்ளை, அதுவும் என் கையில சாப்பிட்டு வளர்ந்ததுதான். எழுத்து எனக்குக் கூட்டிக் கூட்டித்தான் வரும். ஆனா முதலமடையில எங்க தோப்புல எந்த மரம் எப்பக் காய்க்கும்னு கேளுங்க, கண்ணை மூடிட்டுச் சொல்லுவேன்.

எதைப் பார்த்தும் வாயைப் பொளந்து நிக்கிற ஆளு இல்லை நான். இந்த வருசம் எங்க மாங்கா ஷெட்டுல அப்படி நின்னேன்.

என் மூத்த மருமக கம்ப்யூட்டர் படிச்சவ. பில்லுப் போட பி.எச்.பி.ங்கிற கம்ப்யூட்டர் பாஷையில அவளே ஒரு புரோகிராம் எழுதி வெச்சிருக்கா. அதுல பில்லுப் போட்டு லாரியை அனுப்பிட்டு, அதே பில்லை மறுபடி கணக்கு சாப்ட்வேர்ல அடிக்கணும். போன வருசம் சீசன் உச்சத்துல ரெண்டு வேலையும் ஒருத்தியால ஆகலை. என் மகன் சொல்லிட்டான்: "முதல் லாரி கெளம்பறதுக்குள்ள ரெண்டும் தானாப் பேசிக்கோணும். இல்லாட்டி கணக்கை டவுன் ஆபீசுக்குக் குடுத்துடறேன். நீ ஊட்டைப் பாரு."

இந்தக் குடும்பத்துக்கு வந்ததுல இருந்து, பத்து ஆம்பளைங்க நின்னு அவ பேச்சைக் கேக்கற இடம் அந்த ஷெட்டு நாற்காலி ஒண்ணுதான். அது போயிடும்னு அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பொட்டிக்குள்ள போடற வைக்கோலை உதறிக்கிட்டு நான் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன். அவ ஒண்ணைத் தட்டுவா, மூஞ்சி சுருங்கும்.

"என்ன கண்ணு சொல்லுது அது?"

"யாரு நீன்னு அந்தக் கணக்கு சாப்ட்வேர் கேக்குதுங்க அத்தை."

"இன்னார் ஊட்டு மருமகள்னு சொல்றதுதானே?"

சிரிச்சுட்டா. "அதுக்கு நம்ம ஊடெல்லாம் தெரியாதுங்க. ஒரு சாவி குடுத்திருக்காங்க, ஒவ்வொரு தடவையும் காட்டோணும்." சாவின்னா இரும்பு இல்லை; எழுத்தும் எண்ணும் கலந்து எறும்பு போற மாதிரி ஒரு நீளம். அதைக் காட்டினதும் உள்ள விட்டுடுச்சு.

அப்புறம் சும்மா ஒரு பேருக்குப் பில்லு அனுப்பிப் பார்க்கறேன்னா. நான் விடலை. எங்க தோப்புல முதல் பறிப்புல ஒரு பொட்டி செந்தூர மாங்கா மாரியம்மனுக்கு. விலை சுழின்னு, அதான் பூஜ்யம்னு, அம்மன் பேருக்குப் பில்லு எழுதின பிறகுதான் மனுசங்களுக்கு.

"இது சோதனைதானுங்க அத்தை."

"சோதனையோ என்னமோ, பில்லு பில்லுதான்."

அம்மனை ஒரு கஸ்டமராச் சேர்த்தா. செந்தூரம், ஒரு பொட்டி, விலை சுழி. தட்டினா. விலை எங்கேன்னு அது திருப்பி அனுப்பிடுச்சு. மறுபடி தட்டினா. மறுபடியும் அதேதான். வெளியில லாரியில பொட்டி ஏறிக்கிட்டிருந்துது.

என் மகன் எட்டிப் பார்த்தான். "சாமிகிட்டயே விலை கேக்குதா? நல்ல சாப்ட்வேரு! டவுனுக்குப் போன் போடட்டுமா?"

என் பிடிவாதத்தால இவ நாற்காலி போகுதேன்னு, "வேற பேரே போட்டுக்கோ கண்ணு" அப்படின்னேன்.

"இருங்க அத்தை. நான் சுழின்னு போட்டுத்தானே இருக்கேன்? அப்புறம் ஏன் இல்லைங்குது?" அவ எழுதினதையே விரல் வெச்சு வரிவரியாப் படிச்சா. ஓரிடத்துல விரல் நின்னுது. நெத்தியில அடிச்சுக்கிட்டா.

"தப்பு அதும்மேல இல்லைங்க அத்தை, என்மேலதான். காலியா இருக்கறதை அனுப்ப வேண்டாம்னு ஒரு வரி எழுதினேன். இந்தப் பாஷை சுழியையும் காலின்னு எடுத்துக்கிட்டுது. அதனால விலை இங்கிருந்தே போகலை. காசில்லாம சாம்பிள் பொட்டி அனுப்பறப்பவும் இதே தகராறு வந்திருக்கும்."

எனக்கு மயிர் சிலிர்த்துப் போச்சு. சுழியும் காலியும் வேற வேற. ஒண்ணும் இல்லைன்னு கையை விரிச்சுக் காட்டறதும், கையையே நீட்டாம நிக்கறதும் ஒண்ணாகுமா? வருசா வருசம் அம்மனுக்குச் சுழி போட்ட எனக்கு அது இத்தனை வருசம் தோணவே இல்லை. ஒரு வரியை மாத்திட்டுத் தட்டினா. நான் இழுத்த மூச்சை விடறதுக்குள்ள ஒரு பில்லு நம்பர் திரும்பி வந்துது. கணக்கைத் திறந்து காட்டினா. மாரியம்மன், செந்தூரம், ஒரு பொட்டி, சுழி.

"இந்தக் கணக்கெல்லாம் எந்த ஊர்ல இருக்குது கண்ணு?"

"எனக்கே தெரியாதுங்க அத்தை. எங்கியோ தூரத்துல."

இருந்த இடத்துலயே கும்பிட்டேன். யாரைன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது.

அடுத்து லாரிக்குப் பில்லு. அதுவும் போச்சு. என் மகன் போனை எடுத்து, டவுன்காரங்ககிட்ட, "வேண்டாமுங்க, எங்க ஊட்டுலயே ஆளு இருக்குது" அப்படின்னான். அவ நிமிரக்கூட இல்லை. அடுத்த லாரி நம்பர் என்னன்னு டிரைவரை அதட்டிக் கேட்டுக்கிட்டிருந்தா.

நான் அவளை மூஞ்சிக்கு நேரா ஒரு வார்த்தை புகழ்ந்தது இல்லை. அது என் வழக்கம் இல்லை. பேத்திக் கண்ணு, நான் சொன்னதை எல்லாம் எழுதிட்டியா? முதல்ல இருந்து படி பார்க்கலாம். இங்க வேண்டாம், ஷெட்டு வாசல்ல நின்னு சத்தமாப் படி. உள்ள பில்லுப் போடற உங்கம்மாளுக்கும் கேக்கட்டும்.