மரத்துப்போன கண்

2025 பிப்ரவரி 18, செவ்வாய்க்கிழமை. காலையில் வாசல் தெளித்து, இட்லி ஊற்றி வைத்துவிட்டு, நல்லூரில் வீட்டுக்குப் பின்னால் பனியன் துணி பின்னும் எங்கள் நிட்டிங் ஷெட்டைத் திறந்தேன். மெஷினுக்கு அடியில் சேர்ந்திருந்த பஞ்சைக் கூட்டினேன். வீட்டுக்காரர் நூல் கோன்களை மாற்றி மெஷினை ஓட்டினார்.

மதியத்துக்கு முன் மெஷினில் ஓர் ஊசி ஒடிந்து, அதன் துணுக்கு அவருடைய வலது கண்ணில் தெறித்தது. கண்ணைத் திறக்க முடியாமல் நின்றவரை அடுத்த தெருக் கண் டாக்டரிடம் ஸ்கூட்டரில் கூட்டிப் போனேன்.

டாக்டர் மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டு, கூர்மையான கருவியால் துணுக்கை எடுத்தார். நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இவர் அசையவேயில்லை.

"வலி இல்லைன்னு ஏமாந்துறாதீங்க. மரப்பு போற வரைக்கும் இங்கயே உக்காருங்க. கண்ணைத் தேய்க்கக் கூடாது. இன்னைக்குப் பஞ்சுப் பக்கமே போகாதீங்க" என்றார் டாக்டர்.

சாயப்பட்டறை வண்டி வரும் நேரம். கடைசித் துணி ரோல் இன்னும் மெஷினிலேயே இருந்தது.

"ஏனுங்க, வலிதான் இல்லீங்களே, போலாங்களா?" என்று கேட்டது நான்.

"நீ சொன்னாச் சரி, அம்மணி" என்று எழுந்துகொண்டார்.

ஷெட்டுக்குத் திரும்பி ரோலை அறுத்து வண்டியில் ஏற்றினோம். ஷெட்டை விட்டு வெளியே வருமுன் உடம்பில் ஒட்டிய பஞ்சைக் காற்றுக் குழாயால் ஒருவருக்கொருவர் ஊதிவிடுவது எங்கள் வழக்கம். கை தானாகக் குழாயை எடுத்தது. தோள், கழுத்து, தலை என்று ஊதினேன். பஞ்சு அவர் முகத்தைச் சுற்றிப் பறந்தது. புறங்கையால் வலது கண்ணை அழுத்தித் தேய்த்தார்.

"ஐயோ, தேய்க்காதீங்க!"

"ஒண்ணுமே தெரியல அம்மணி. வாடகைக்கு வாங்குன கண்ணாட்டம் இருக்குது."

நானும் சிரித்தேன்.

மரப்பு விட்டதும் விளக்கு வெளிச்சத்தைக்கூட அவரால் தாங்க முடியவில்லை. டாக்டருக்குப் போன் செய்து, அந்தச் சொட்டு மருந்தே கிடைக்குமா என்று கேட்டேன்.

"அதை ஊட்டுக்குக் குடுக்கறதில்லீங்க. விட்டுட்டே இருந்தாப் புண்ணு ஆறாது, பார்வையே போயிரும். நான் குடுத்த மருந்தை மட்டும் விடுங்க. காலையில முதல் ஆளாக் கூட்டிட்டு வாங்க. கருவிழி எவ்வளவு சிராய்ச்சிருக்குன்னு அப்பத்தான் சொல்ல முடியும்."

எப்படிச் சிராய்த்தது என்று டாக்டர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சிறிது நேரத்தில் நாத்தனார் விசாரித்துப் போன் செய்தார். "ஊசி தெறிச்சிருச்சுக்கா, வேற ஒண்ணுமில்ல" என்று இவர் முடித்துக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்து நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

விடிந்ததும் அவருடைய இடது கண்ணை உள்ளங்கையால் மூடினேன். "என்னங்க தெரியுது?"

"புகைக்குள்ள ஒரு அம்மணி நிக்குது. மூஞ்சி தெரியல. அதுவும் நல்லதுக்குத்தான்."

இந்த முறை நான் சிரிக்கவில்லை. ஷெட்டைத் திறக்காமல் நேரே டாக்டரிடம் கூட்டிப் போனேன். கண்ணைப் பார்க்க டாக்டர் குனிவதற்கு முன்பே சொல்லிவிட்டேன்: "ஊசினால மட்டும் இல்லீங்க டாக்டர். உக்காரச் சொன்னீங்க, நான்தான் எழுப்பிக் கூட்டிட்டுப் போனேன். காத்தடிச்சதும் நான்தானுங்க."