உயிர்த்த ஞாயிறுக்குப் பின் கூடிய எண்

1976 தை மாதம் கொழும்பில் என் இரைப்பையில் பாதிக்கு மேல் வெட்டி எடுத்தார்கள். புற்றுநோய். மூன்று பெண்பிள்ளைகள். ஒருத்திக்கும் கலியாணமாகவில்லை.

கட்டி இரத்தத்தில் விடுகிற ஒரு பொருளை அளந்து, நோய் திரும்புகிறதா என்று பார்க்கும் சோதனை அப்போது புதிது. என் வைத்தியர் இரத்தத்தை இலண்டனிலுள்ள நண்பருக்கு அனுப்பினார். முதல் இரத்தம் எடுத்தது உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய நாற்பது நாள் தபசுகாலத்தில், பங்குனி (மார்ச்) 24. அளவு குறைவு. நன்றிப் பூசை ஒப்புக்கொடுத்தோம். இரண்டாவது, ஆடியில். ஆவணி 19 அன்று வைத்தியரின் கடிதம் மட்டக்களப்புக்கு வந்தது. எண் இரண்டு மடங்காகியிருந்தது.

கடிதத்தைத் தினக்குறிப்புக் கொப்பிக்குள் ஒளித்தேன். மனைவி தெரேசாவுக்குச் சொல்லவில்லை. வாவிக்கரைக் கோயிலில் தனியாக நவநாள், ஒன்பது நாள் செபம், தொடங்கினேன். "ஆண்டவரே, எண்ணைக் குறையும்." எட்டு நாளும் அதே மன்றாட்டு. ஒன்பதாம் நாள் வேறு வார்த்தை வந்தது: "உண்மை எதுவானாலும் காட்டும்."

அன்று மாலையே தெரேசாவிடம் கடிதத்தைக் கொடுத்தேன். அழுதாள். பிறகு ஏசினாள். "ஒம்பது நாளா என்னோட இருந்து சாப்பிட்டீங்க, ஒரு வார்த்த சொல்லல்ல. நானும் வாறன் கொழும்புக்கு."

கொழும்பில் வைத்தியர் கேட்டார்: "சுருட்டுக் குடிக்கிறீங்களா?"

"தபசுகாலத்தில தொடுறல்ல, சேர்."

தெரேசா விடவில்லை. "மத்த நாளில? மழை பெய்த நேரத்தையும் எழுதுற மனிசன், இதையும் எழுதியிருப்பீங்கதானே? கொப்பிய எடுத்துக் குடுங்க."

எழுதித்தான் இருந்தேன். 'சித்திரை 18, உயிர்த்த ஞாயிறு. பகல் சாப்பாட்டுக்குப் பின் முதல் சுருட்டு. ஆண்டவருக்கு நன்றி.' அதன் பிறகு தினமும் மூன்று.

வைத்தியர் சிரித்துவிட்டார். "ஆண்டவரையும் கூட்டுச் சேர்த்திட்டீங்க." உடனே முகம் மாறியது. புகைப்பவர்களுக்கு நோயில்லாமலும் இந்த அளவு கூடுமாம். "ஆனா நோயாகவும் இருக்கலாம். விட்டுட்டு, மூணு மாசத்தால பாப்பம்."

அந்த மூன்று மாதம் நாங்கள் இருவரும் சேர்ந்து செபமாலை சொன்னோம். பாதியை நான் சொல்வேன். மீதியை அவள் சொல்லி முடிப்பாள்.

மார்கழி 20 கடிதம் வந்தது. தெரேசாதான் பிரித்தாள். எண் பங்குனியில் இருந்த இடத்துக்கே இறங்கியிருந்தது.

இப்போது 1979. எண் குறைந்ததால் நோய் ஒழிந்தது என்று நம்பக் கூடாது என வைத்தியர் சொல்லியிருக்கிறார். இரத்தம் எடுக்கக் கையைக் கட்டும்போதெல்லாம் இன்னும் அந்த ஒன்பதாம் நாள் மன்றாட்டையே சொல்கிறேன். சுருட்டை மறுபடி தொடவில்லை.

நான் கேட்ட உண்மையை ஆண்டவர் காட்டினார். ஒளித்த கடிதத்தை வெளியே எடுத்த பிறகே காட்டினார். சகோதரரே, உங்களிடமும் அப்படி ஒரு கடிதம் மடிந்து கிடந்தால், இன்றைக்கே வீட்டில் கொடுங்கள். பிறகு இருவருமாக முழங்காலில் நில்லுங்கள்.