கருடனுக்குக் கந்தகக் கூலி

கட்டணத்தை வசூலிக்கப் போகிறவனைத்தான் ஊர் திட்டும், கட்டணம் போட்டவனை அல்ல. கப்பல் ஏஜென்சியில் குப்பை கொட்டிய சகோதரர்களுக்கு இது தெரியும்.

ஐரோப்பாக் கடல்களில் கந்தகம் குறைந்த எண்ணெயைத்தான் எரிக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அந்த எண்ணெய் விலை அதிகம். கப்பல்காரன் அதை 'லோ சல்பர் சர்சார்ஜ்' என்ற கூடுதல் கட்டணமாகப் பில்லில் ஏற்றினான். அதை விளக்கிப் பணம் வாங்கும் பாக்கியம், ஏஜென்சிக்காகப் பெரிய காஞ்சிபுரத்தில் மேஜை போட்டிருந்த எனக்கு.

தரம் பார்த்தல்

முதல் பலி ஒரு பட்டு ஜவுளிக்கடை முதலாளி. ஜெர்மனிக்குப் புடவை அனுப்புகிறவர். கந்தகம் கெடுதல், காற்று, மழை என்று நான் பள்ளிக்கூட வாத்தியார் போல் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"இன்னாபா கதை சொல்ற? ஜரிகைல தங்கம் கொறஞ்சா வெல கொறையுது. உன் எண்ணெயில கந்தகம் கொறஞ்சா வெல ஏறுதா?"

சுமக்கிறவரைச் சுமக்க

அடுத்தவர் சின்னக் காஞ்சிபுரத்துப் பட்டர் சுவாமி. ஜெர்மனியில் ஒரு பெருமாள் கோயில்; அங்கே முதல் பிரம்மோற்சவம். கருட சேவைக்கு இங்கே செய்த மர வாகனம் போக வேண்டும். ஒரு வருஷமாக அவருக்கு அதே நினைப்பு. புடவைக் கட்டுகளும் கருடனும் ஒரே கன்டெய்னரில் போவதாக ஏற்பாடு. சர்சார்ஜைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பெருமாளையே சுமக்கறவர் ஓய் அவர்! ஒரு சொட்டு எண்ணெய் கேட்டதில்லை!"

இருந்தாலும் கட்டிவிட்டார். பெருமாள் காரியமாயிற்றே.

பெட்டிக்குள் கந்தகம்

பட்டுக்கடை முதலாளி சும்மா இருப்பாரா? சர்சார்ஜை ஜெர்மனிக்காரன் தலையில் கட்ட ஒரு வழி கண்டுபிடித்தார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், சரக்குப் பட்டியலிலேயே அதையும் ஒரு சரக்காகச் சேர்த்துவிட்டார்: பட்டுப் புடவை, ரவிக்கைத் துணி, கந்தகம்.

துறைமுகத்தில் ஒரு அதிகாரி அதைப் படித்தார். கந்தகம் தீப்பிடிக்கிற சரக்கு. கன்டெய்னரை ஓரங்கட்டி, முத்திரையை உடைத்து, கட்டுகளை இறக்கச் சொன்னார். கடைசியில் வெளிப்பட்டவர் கருடன், இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு. அதிகாரி செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாராம். அதற்குள் கப்பல் போய்விட்டது. நான் முதலாளியிடம் ஓடிப்போய்க் கத்தினேன். அவர் அசரவில்லை.

"காசு வாங்கினல்ல? வாங்கின பொருளுக்குப் பேர் எழுதக்கூடாதாபா?"

மறுநாள்

அடுத்த கப்பலில் ஏற்றினோம். அதற்குள் சர்சார்ஜும் ஏறியிருந்தது. கருடன் போய்ச் சேர்ந்தது கருட சேவைக்கு மறுநாள். முந்தின நாள் அங்கே பெருமாள் வெறும் பல்லக்கில் எழுந்தருளினாராம். எங்கள் மானேஜருக்கு அதெல்லாம் கணக்கில் இல்லை. வித்தியாசத் தொகையை வாங்கிவா என்று என்னைப் பட்டர் வீட்டுக்கு அனுப்பினார்.

நான் பில்லை நீட்டிவிட்டுத் தரையைப் பார்த்தபடி நின்றேன். பட்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கண் கலங்கியிருந்தது, குரல் மட்டும் கலங்கவில்லை.

"கஜேந்திரன் ஆதிமூலமேன்னு கதறினப்போ உம்ம கம்பெனி இருந்திருந்தா, முதலை சாப்பிட்டுட்டுக் கையலம்பிண்டு போயிருக்கும் ஓய்!"

ஐரோப்பாவில் காற்று எவ்வளவு சுத்தமாயிற்றோ தெரியாது, காஞ்சிபுரத்தில் என்னை இன்றைக்கும் 'கந்தகக்காரர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.